போட்டோவைக் காட்டி செஞ்ச மேனிஃபோல்டு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. மதியம் நல்லா சாப்ட்டுட்டு தலையைச் சாய்க்கலாம்னு பார்த்தா காலிங் பெல். பக்கத்து தெரு பையன். பாலிடெக்னிக் முடிச்சு ஒரகடம் பக்கம் வேலைக்குப் போய் 2 வருஷம் ஆகுது. கையில போன், போன்ல ஒரு படம்.

"அண்ணா, இந்த மாதிரி மேனிஃபோல்டு நம்ம சென்னீர்குப்பத்துல யாரு செஞ்சு தருவாங்க?"

பார்த்தேன். பளபளன்னு நாலு ஸ்டெயின்லெஸ் பைப்பு. வளைஞ்சு நெளிஞ்சு ஒரே எடத்துல வந்து கூடுது. வெல்டிங் போட்ட எடமெல்லாம் நீலமும் ஊதாவுமா, பூ தொடுத்த மாதிரி ஒரே சீரா இருக்கு. பார்க்க அம்புட்டு அழகு. எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. ஏன்னா இதே மாதிரி ஒரு படத்தைக் கையில வெச்சுக்கிட்டு நானும் ஒரு காலத்துல இதே ஊர்ல அலைஞ்சிருக்கேன்.

அவனுக்கு அன்னிக்கு நான் முழுசா பதில் சொல்லல. "அடுத்த வாரம் வாடா"ன்னு அனுப்பிட்டேன். சொல்ல வேண்டிய பதில் இதுதான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

மேனிஃபோல்டுன்னா?

கார் பக்கமே போகாத மக்களுக்காக ரெண்டு வரி. இஞ்சினுக்கு ஒரு பக்கம் காத்து உள்ள போகணும், இன்னொரு பக்கம் எரிஞ்ச புகை வெளிய வரணும். வர்ற காத்தை நாலு சிலிண்டருக்கும் பிரிச்சுக் குடுக்குற குழாய்க் கூட்டம் இன்டேக் மேனிஃபோல்டு. நாலு சிலிண்டர் புகையையும் ஒண்ணா சேர்த்து ஒரே வாய் வழியா விடுறது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. டர்போ வண்டியில அந்த வாயிலதான் டர்போ உக்காந்திருக்கும். வெளிய போற புகை ஒரு சக்கரத்தைச் சுத்தும். அதே அச்சோட மறுமுனையில இருக்கிற சக்கரம் காத்தை அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளும். வெளிய வீணாப் போற புகையை வேலை வாங்குற இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூஹி 1905லயே காப்புரிமை வாங்கிட்டார்.

கம்பெனி போட்டுத் தர்ற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பார்த்தா யாருக்கும் ஆசை வராது. துருப்பிடிச்ச வார்ப்பிரும்பு, குட்டையா கட்டையா, அம்மிக்கல்லுக்கு கை கால் முளைச்ச மாதிரி இருக்கும். "இதைத் தூக்கிட்டு சம நீளத்துல நாலு பைப்பு போட்டா வண்டி பறக்கும்"னு எவனாவது சொன்னா நம்பத்தான் தோணும். நானும் நம்பினேன்.

கொசுவர்த்தி

2015. என்கிட்ட 2009 மாடல் ஸ்விஃப்ட் டீசல், செகண்ட் ஹேண்ட். அதோட 1248 சிசி இஞ்சின் ஃபியட்டோட டிசைன். மாருதி, டாடா, ஃபியட்னு ஆளாளுக்கு அதையே போட்டதால "இந்தியாவோட தேசிய இஞ்சின்"னு கிண்டலா சொல்லுவாங்க. 75 குதிரைசக்தி, 190 நியூட்டன் மீட்டர். 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 வந்தப்போ மாருதி டீசல் காரையே நிறுத்திட்டாங்க, அது வேற கதை.

முதல்ல கம்ப்யூட்டர் ட்யூனிங் போட்டேன். நல்லாவே ஓடிச்சு. சும்மா இருந்திருக்கலாம். சொந்த செலவுல சூனியம் வெச்சுக்கணும்னு விதி இருந்தா யார் என்ன பண்றது? ஒரு வெளிநாட்டுக் கார் படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டு சென்னீர்குப்பத்துல ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

அந்த அண்ணன் கார் வேலைக்காரர் இல்ல. பால் கம்பெனிக்கும் மருந்து கம்பெனிக்கும் எஸ்எஸ் லைன் போடுறவர். ஆர்கான் வெல்டிங்ல அவர் கைக்கு ஈடு இந்தப் பக்கத்துல ரொம்பக் கம்மி. பைப்புக்கு உள்பக்கமும் ஆர்கான் ஓட விட்டு ஒட்டுவார். அப்படி விடலன்னா உள்பக்கம் வெல்டிங் கருகி கல்கண்டு மாதிரி பொரிஞ்சு நிக்கும். பால் ஓடுற பைப்புல அது இருக்கக்கூடாது. நம்ம விஷயத்துல அந்தப் பொரி உடைஞ்சா நேரா டர்போ சக்கரத்துக்குள்ள போய் விழும். கார் வேலையும் எடுக்கலாமேன்னு அவருக்கும் அப்ப ஒரு ஆசை இருந்துச்சு. நான்தான் முதல் போணி.

படத்தை ரெண்டு நிமிஷம் உத்துப் பார்த்தார். ரெண்டு விஷயம் சொன்னார்.

"சார், நீங்க சொல்ற பைப்பு ஒன்றரை மில்லிதான் தடிமன். சூட்டுக்கு தாங்காது. ஷெட்யூல் பைப்புல போட்டுக்கலாம்."

"அப்புறம் இந்த டர்போ வெயிட்டு பூரா பைப்பு மேலயே தொங்குது. கீழ ஒரு முட்டு குடுத்துடலாம் சார்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போட்டோல அதெல்லாம் இல்லண்ணே."

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவே.

22 ஆயிரம் ஆச்சு. மாட்டினதும் சத்தம் மாறிச்சு. வண்டி வேகமாப் போற மாதிரி தோணிச்சு. அளந்து பார்த்தேனா? இல்ல. தோணிச்சு, அவ்ளோதான். உண்மையில கீழ் ஆர்பிஎம்ல முன்ன இருந்த இழுப்பு கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. அதை நான் ஒத்துக்கல. காசு போட்டவன் கண்ணுக்கு எப்பவுமே கொஞ்சம் பூ விழுந்துடும்.

நாலு மாசம் கழிச்சு காலையில ஸ்டார்ட் பண்ணா டிக் டிக் டிக்னு ஒரு சத்தம். அஞ்சு நிமிஷம் ஓடி சூடானதும் காணாமப் போயிடும். சரி, சூடானா சரியாயிடுதேன்னு விட்டுட்டேன்.

அடுத்த வாரம் காஞ்சிபுரத்துல ஒரு கல்யாணம். தங்கமணி, அஞ்சு வயசுப் பொண்ணு, நான். செம்பரம்பாக்கம் தாண்டினதும் பின்னாடி கரும்புகை, வண்டி இழுக்கல, பானெட் ஓரத்துல வெள்ளையா புகை. ஓரங்கட்டித் திறந்து பார்த்தேன். பைப்பு விரிசல் விட்டு டர்போ ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. டர்போவுல இருந்து எண்ணெய் திரும்பி வர்ற குழாய் அந்த இழுப்புல லூசாகி, சூடான பைப்பு மேல சொட்டு சொட்டா எண்ணெய் விழுது. பக்கத்துல ஒரு வயர் கட்டு உருகிப் போயிருக்கு. பொண்ணைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடின தங்கமணி அப்புறம் ரெண்டு நாள் எங்கிட்ட பேசல. தீப்பிடிக்கல. பிடிச்சிருக்கலாம்.

மறுநாள் உடைஞ்ச மேனிஃபோல்டை எடுத்துக்கிட்டு நேரா அந்தப் பட்டறைக்குப் போனேன். அவர்கிட்ட வேலை பார்க்கிற பசங்க முன்னாடியே கத்தினேன். "உங்க வெல்டிங் உடைஞ்சு என் குடும்பமே போயிருக்கும்"னேன். அவர் பதிலுக்குக் கத்தல. சாமானை வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால ஒரு எடத்தைத் தடவிக் காட்டினார்.

"சார், தையல் பிரியல. துணிதான் கிழிஞ்சிருக்கு."

விரிசல் வெல்டிங்ல இல்ல. வெல்டிங்குக்குப் பக்கத்துல, பைப்புல ஓடியிருக்கு. அப்பவும் நான் ஒத்துக்கல. டீக்கடையில சொன்னேன், கார் பைத்தியங்க இருக்கிற வாட்ஸ்அப் குரூப்புல எழுதினேன். அவருக்கு அதுக்கப்புறம் ஒரு கார் வேலையும் வரல. பால் லைனுக்கே திரும்பிட்டார்.

துணி ஏன் கிழிஞ்சுது?

புத்தி வந்தது மெதுவாத்தான். தெருவுல ஒரு பெரியவர், ஆவடி டாங்க் ஃபேக்டரியில வேலை பார்த்து ரிடையர் ஆனவர். 1965ல முதல் விஜயந்தா டாங்க் வெளிய வந்த அதே ஃபேக்டரி. மொட்டை மாடியில உக்காந்து என் கதையைக் கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டார்: "டிராயிங் எங்க தம்பி?"

"டிராயிங் இல்ல சார், போட்டோ இருக்கு."

அவர் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. அதுக்கப்புறம் அவர் சொல்லிக் குடுத்ததும், நானா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதும் கீழே.

முதல் விஷயம், சூடு. முழு லோடுல டீசல் கார் புகை டர்போவுக்குள்ள நுழையறப்போ சுமார் 700ல இருந்து 800 டிகிரி வரைக்கும் போகும். இரும்பு சூடானா நீளும். 300 மில்லிமீட்டர் நீளத்துக்கு 600 டிகிரி சூடு ஏறினா வார்ப்பிரும்பு சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். 304 ஸ்டெயின்லெஸ் 3 மில்லிமீட்டருக்கு மேல நீளும். அது போல்ட் பண்ணியிருக்கிற அலுமினிய ஹெட்டுக்குள்ள தண்ணி ஓடுது, அது 100 டிகிரியைச் சுத்தியே நிக்கும், அரை மில்லிமீட்டர் நீண்டா பெருசு. அதாவது ஒரு பக்கம் நீள முடியாது, இன்னொரு பக்கம் நீளாம இருக்க முடியாது. ஒவ்வொரு தடவை வண்டி எடுத்து நிறுத்துறப்பவும் இந்த இழுபறி நடக்கும். கம்பியை முன்னயும் பின்னயும் மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதே கதைதான். காலையில டிக் டிக்னு கேட்டுச்சே, அது விரிசல் வழியா புகை கசியற சத்தம். சூடானதும் உலோகம் நீண்டு விரிசல் மூடிக்கும். நான் "சரியாயிடுது"ன்னு நெனச்சது நோய் முத்திப் போனதோட அறிகுறி.

ரெண்டாவது, 304ங்கிற உலோகம். சமையல் பாத்திரத்துக்கும் பால் பைப்புக்கும் அது தங்கம். ஆனா 425ல இருந்து 850 டிகிரி வரைக்குமான சூட்டுல ரொம்ப நேரம் நின்னா அதுக்குள்ள இருக்கிற குரோமியமும் கார்பனும் சேர்ந்து ஓரங்கள்ல ஒதுங்கிடும். வெல்டிங்குக்குப் பக்கத்துல இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அப்புறம் துணி கிழியத்தானே செய்யும்? இதுக்குன்னே டைட்டானியம் சேர்த்த 321ங்கிற ரகம் இருக்கு. டீசல் மேனிஃபோல்டோட வேலையே சரியா இந்தச் சூட்டுலதான்.

மூணாவது, எடை. டர்போ சின்ன சாமான் இல்ல. அது ஒன்றரை மில்லி பைப்பு நுனியில தொங்கிக்கிட்டு, சூட்டுல இளகின பைப்பை நாள் பூரா ஆட்டிக்கிட்டே இருந்தா? அண்ணன் கேட்ட முட்டு இதுக்குத்தான்.

அம்மிக்கல் முட்டாள் இல்ல

இன்னும் பெரிய கேள்வி. எல்லாம் சரியா செஞ்சிருந்தாலும் அந்த சம நீளப் பைப்பால எனக்கு என்ன லாபம் வந்திருக்கும்?

டர்போ இல்லாத பெட்ரோல் ரேஸ் வண்டியில நீளமான ஹெடர் பைப்புக்கு அர்த்தம் இருக்கு. புகையோட அழுத்த அலை பைப்பு முனை வரை போய்த் திரும்பி வந்து மிச்சப் புகையையும் இழுத்துக்கிட்டுப் போகும். பைப்பு நீளத்தை ஆர்பிஎம்முக்கு ஏத்த மாதிரி வெட்டுவாங்க. நம்ம டீசல் கார் 4000 ஆர்பிஎம்ல மூச்சு வாங்குற ஜாதி. அந்த வேகத்துக்குக் கணக்குப் போட்டா ஒவ்வொரு பைப்பும் 1 மீட்டருக்கு மேல நீளம் வேணும். ஸ்விஃப்ட் பானெட்டுக்குள்ள நாலு மீட்டர் பைப்பை எங்க சுருட்டி வெக்கிறது? அப்படியே வெச்சாலும் முனையில டர்போ வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது. அலை எங்க போய் எங்க திரும்பும்?

டர்போவுக்கு வேண்டியதே வேற. சூடு குறையாம, வேகம் குறையாம, ஒவ்வொரு சிலிண்டர் விடுற மூச்சும் அப்படியே சக்கரத்து மேல போய் மோதணும். பைப்பு நீண்டா சூடு வழியிலயே போயிடும். உள்ளளவு பெருசானா அந்த மூச்சு விரிஞ்சு நமத்துப் போயிடும். அதனாலதான் கம்பெனிக்காரன் குட்டையா, கெட்டியா, இஞ்சினை ஒட்டியே வார்க்கிறான். எனக்குக் கீழ் ஆர்பிஎம்ல இழுப்பு குறைஞ்ச காரணம் இதுதான்.

பூஹி கூட 1925ல காப்புரிமை வாங்கின அடுத்த பெரிய யோசனை மேனிஃபோல்டைப் பத்தினதுதான். ஒரு சிலிண்டரோட மூச்சு இன்னொண்ணை இடிக்காம இருக்க, குழாயைப் பிரிச்சுத் தனித்தனியா டர்போவுக்குக் கொண்டு போறது. நாலு சிலிண்டர் இஞ்சின்ல 1ம் 4ம் ஒரு ஜோடி, 2ம் 3ம் ஒரு ஜோடி. பணத்தைத் தண்ணியா செலவு பண்ற ரேஸ்காரனைப் பாருங்க. 2006ல ஆடி ஆர்10, லே மான் 24 மணி நேரப் போட்டியை ஜெயிச்ச முதல் டீசல் கார். 2011ல அதே போட்டியை ஜெயிச்ச ஆடி ஆர்18 வண்டியில என்ன பண்ணினாங்க? வி வடிவ இஞ்சினோட நடுப் பள்ளத்துலயே புகையை வெளிய விட்டு டர்போவையும் அங்கயே உக்கார வெச்சுட்டாங்க. பைப்பு நீளத்தைக் கூட்டல, குறைச்சாங்க.

பூந்தமல்லி பைபாஸ்ல நின்னு எட்டிப் பார்த்தா இன்னொரு பாடம் கிடைக்கும். ஆறு சிலிண்டர் லாரி இஞ்சின் பலதுலயும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஒரே துண்டா இருக்காது. ரெண்டு மூணு துண்டா, ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகினாப்ல இருக்கும். நீளுறதுக்கு எடம் விட்டிருக்கான். கார் மேனிஃபோல்டுலயும் ஓரத்து ஸ்டட் ஓட்டை பலதும் கொஞ்சம் பெருசாவே இருக்கும். கவனக்குறைவுன்னு நெனச்சுடாதீங்க, அதுவும் நீளுறதுக்கு விட்ட எடம்தான்.

காத்து வர்ற பக்கம்

அந்தப் பையன் இன்டேக்கும் சேர்த்துதான் கேட்டான். அலுமினியத் தகட்டுல பெருசா ஒரு பெட்டி. அதுக்கும் சொல்லிடறேன்.

டர்போ 1 பார் அழுத்தத்துல காத்தைத் தள்ளுதுன்னு வெச்சுக்குவோம். 30க்கு 10 சென்டிமீட்டர் தட்டைத் தகடு ஒண்ணு மேல அது எவ்வளவு எடையா அமுக்கும் தெரியுமா? 300 கிலோ. ஒவ்வொரு தடவை ஆக்சிலரேட்டர் மிதிக்கிறப்பவும் 300 கிலோ ஏறி இறங்கும். தட்டையான பெட்டி உப்பி உப்பி ஓரத்துல விரியும். உள்ள இருந்து ஒரு வெல்டிங் துணுக்கு உதிர்ந்து சிலிண்டருக்குள்ள போனா கதை முடிஞ்சுது. டீசல்ல பிஸ்டன் மேல வந்து நிக்கிறப்போ ஹெட்டுக்கும் அதுக்கும் நடுவுல 1 மில்லிமீட்டர் கூட இருக்காது.

லாபம் வேணும்னா சூட்டைக் குறைங்க. மே மாசம் 40 டிகிரி காத்தை டர்போ 1 பாருக்கு அமுக்கினா, 70 சதவீதத் திறன்னு வெச்சாலும் அது சுமார் 138 டிகிரியாகி வெளிய வரும். நல்ல இண்டர்கூலர் அதை 60க்கு இறக்கினா அதே அழுத்தத்துல 23 சதவீதம் கூடுதல் காத்து உள்ள போகும். எந்த மேனிஃபோல்டும் இதைத் தராது. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடின டீசல் வண்டியில ஈஜிஆர் புகையும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து இன்டேக் உள்ள தார் மாதிரி அப்பியிருக்கும். அதைக் கழட்டிச் சுரண்டிக் கழுவினாலே பாதி ஆசை அடங்கிடும். செலவு ஒரு நாள் கூலி, ஒரு செட் பேக்கிங்.

அப்போ யாருக்குத்தான் வேணும்?

செய்யவே கூடாதுன்னு நான் சொல்லல. ரேஸ் ட்ராக்குல மட்டும் ஓட்டுற வண்டிக்கு வேணும். 1990ல இருந்து ட்ராக் இருக்கிற இருங்காட்டுக்கோட்டை நமக்குப் பக்கம்தான். 2010ல ஃபோக்ஸ்வாகன் போலோ கப்னு இந்தியாவுல ஓட்டின ரேஸ் 1.6 லிட்டர் டீசல் கார்லதான் நடந்துச்சு. டீசல்ல ரேஸான்னு சிரிக்கிறவங்களுக்கு அது பதில். வேற டர்போ மாத்தினதால ஃப்ளேஞ்ச் எடம் மாறினா வேணும். ஒரிஜினல் சாமானே கிடைக்காத பழைய வண்டிக்கு வேணும்.

அப்படி செஞ்சா இப்படி செய்ங்க. ஒன்றேகால் இன்ச் ஷெட்யூல் 40 பைப்பு, சுவர் தடிமன் 3.56 மில்லிமீட்டர், வளைவுக்கு ரெடிமேட் வெல்டிங் எல்போ. ஃப்ளேஞ்ச் 10 மில்லிக்குக் குறையக் கூடாது. ஹெட் மாதிரியே ஒரு கட்டையில போல்ட் பண்ணி இறுக்கி வெச்சு ஒட்டணும், ஆறின பிறகுதான் கழட்டணும். அப்புறம் முகத்தைக் கிரைண்டிங் பண்ணி மட்டம் பார்க்கணும். ஃப்ளேஞ்சை போர்ட்டுக்கு போர்ட் அறுத்து விடணும். டர்போவுக்கு முட்டு கட்டாயம். பைப்பு மேல துணி சுத்துற பேஷனை விட்டுடுங்க. சூடு வெளிய போக முடியாம உலோகம் இன்னும் வெந்து போகும். தகட்டுல மறைப்பு போட்டு வயரையும் எண்ணெய்க் குழாயையும் காப்பாத்துங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி, அளங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல கே டைப் தெர்மோகப்பிள் ஒண்ணு, டிஸ்ப்ளே ஒண்ணு வாங்கி டர்போவுக்கு முன்னாடி சூடு பாருங்க. செப்புக் குழாயைச் சுருட்டி ஒரு பிரஷர் கேஜ் மாட்டி, டர்போவுக்கு முன்னாடி புகை எவ்வளவு அழுத்தத்துல முட்டுதுன்னு பாருங்க. அதை பூஸ்ட்டோட ஒப்பிடுங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா உங்க அம்மிக்கல் ஒரு தப்பும் பண்ணல. ரெண்டு மடங்கு இருந்தாத்தான் எங்கயோ அடைப்பு, அதுவும் பெரும்பாலும் டர்போவுலதான் இருக்கும். நான் 22 ஆயிரம் செலவு பண்றதுக்கு முன்னாடி இதுல ஒண்ணைக் கூட பண்ணல.

சட்டமும் புகையும்

மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, வண்டியைக் கம்பெனி விவரத்துக்கு மாறா மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் ஒரு கேரளா வழக்குல இதை உறுதி பண்ணிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் சொந்தக்காரருக்கு 5000 ரூபா அபராதமோ 6 மாசம் வரை ஜெயிலோ உண்டு. தீப்பிடிச்சா இன்சூரன்ஸ்காரன் கேக்கப்போற முதல் கேள்விக்கும் நம்மகிட்ட பதில் இருக்காது.

சட்டத்தை விடுங்க. மேனிஃபோல்டு மாத்துற சாக்குல ஈஜிஆரை அடைக்கிறது, டிபிஎஃப்பை அறுத்து எறியிறது, டீசலை அள்ளி ஊத்தி கரும்புகை விட்டு வீடியோ எடுக்கிறதுன்னு ஒரு கூட்டம் இருக்கு. கரும்புகைன்னா எரியாத டீசல். அதுல பவர் இல்ல, உங்க காசுதான் புகையாப் போகுது. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012லயே டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பிரிவுல சேர்த்தாச்சு. கரையான்சாவடி சிக்னல்ல உங்க சைலன்சர் உயரத்துல என்ன இருக்கும் தெரியுமா? ஷேர் ஆட்டோவுல உக்காந்திருக்கிற ஸ்கூல் புள்ளைங்க மூஞ்சி. செம்பரம்பாக்கத்துல என் வண்டி விட்ட கரும்புகையையும் யாரோ ஒரு புள்ள குடிச்சிருக்கும்.

கடைசியா

நம்ம அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துல கைத்திறமைக்குப் பஞ்சமே கிடையாது. பஞ்சம் எல்லாம் டிராயிங்குக்குத்தான். தடிமன் என்ன, என்ன உலோகம், எங்க நீளும், எங்க தாங்கும்னு யோசிக்க வேண்டியவன் படத்தைத் தூக்கிட்டு வர்ற நாம. நாம அதை யோசிக்காம போட்டோவை நீட்டுறோம். உடைஞ்சா ஒட்டினவன் தலையில கட்டுறோம். பொருளுக்கும் கூலிக்கும் காசு குடுக்கிறோம். "இது தாங்காது சார்"னு அவன் சொல்ற அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் நாம காசும் குடுக்கிறதில்ல, காதும் குடுக்கிறதில்ல. அந்த ஒரு வார்த்தைதான் அவனோட இருபது வருஷ அனுபவம்.

போன ஞாயித்துக்கிழமை அந்தப் பையனைக் கூட்டிக்கிட்டு அதே பட்டறைக்குப் போனேன். பத்து வருஷத்துக்கப்புறம். அண்ணனுக்கு முடி பூரா நரைச்சிருக்கு. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சுது, முகத்துல ஒண்ணும் காட்டல. அவர் பசங்க முன்னாடியே சொன்னேன்: "அண்ணே, அன்னிக்கு தப்பு என்னுது. நீங்க சொன்னதை நான் கேக்கல." அவர் கிரைண்டரை ஆஃப் பண்ணிட்டு, "விடுங்க சார், அது ஆச்சு"ன்னார். ஆச்சுன்னு அவர் சொல்லலாம். அவருக்கு வராமப் போன வேலையை நான் எங்க போய்க் கொண்டு வர்றது?

பையன் ஆசையா போனை நீட்டினான். அவர் வாங்கவே இல்ல.

"கார் வேலை நான் எடுக்கிறதில்லப்பா."

வாசல் வரைக்கும் வந்தவர், என்ன நெனச்சாரோ, பின்னாலேயே குரல் குடுத்தார்.

"தம்பி, டிராயிங் போட்டு எடுத்துட்டு வா. பார்க்கலாம்."

பையன் இப்ப ரிச்சி ஸ்ட்ரீட்ல தெர்மோகப்பிள் வாங்கியிருக்கான். அளந்து பார்த்துட்டு அவனுக்கு மேனிஃபோல்டே வேணாம்னு தோணினா எனக்கு சந்தோஷம். வேணும்னு தோணினா டிராயிங் போட நான் கூட உக்காருவேன்.

டிஸ்கி 1: என் ஸ்விஃப்ட்டுக்கு புதுப்பேட்டையில பழைய ஒரிஜினல் மேனிஃபோல்டு ஒண்ணு தேடிப் பிடிச்சு மாட்டினேன். வண்டியை விக்கிற வரைக்கும் அதுல ஒரு கீறல் விழல.

டிஸ்கி 2: அந்த 22 ஆயிரம் ரூபா சிற்பம் இப்ப வீட்டு மாடியில பூந்தொட்டிக்கு ஸ்டாண்டா இருக்கு. தங்கமணியோட ஐடியா. பொருத்தமாத்தான் இருக்கு.